நீலகிரியில் வீட்டுப் பின்புறத்துக்குக் காங்கிரீட் தளம்: மண் வெட்டுவது முதல் தண்ணீர் காட்டுவது வரை

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு நாற்காலி போட்டு உட்கார ஒரு காங்கிரீட் தளம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்காதவர்கள் குறைவு. மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் செம்புழுதி. துணி காயப்போட்டுத் திரும்பினால் செருப்போடு மண்ணும் வீட்டுக்குள் வந்துவிடும். ஆசை நியாயமானதுதான். ஆனால் போட்ட இரண்டாவது மழைக்காலத்திலேயே நடுவில் கீறல் விழுந்து, ஒரு ஓரம் இறங்கி, வீட்டுச் சுவரோரம் தண்ணீர் கட்டி நிற்கும் தளங்களைத்தான் இந்த மலையில் அதிகம் பார்க்க முடிகிறது. பெரும்பாலும் அவற்றில் சிமெண்டும் குறைந்திருக்காது, கம்பியும் குறைந்திருக்காது. மேலிருந்து வருகிற தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மலையில் காங்கிரீட் கொட்டும் நாள்தான் சுலபமான நாள். அதற்கு முந்தைய வேலையில்தான் தளத்தின் ஆயுள் இருக்கிறது. அதனால் இங்கே மண்ணையும் தண்ணீரையும் பற்றி நிறையவே சொல்லப் போகிறேன். கணக்குக்கு வசதியாக 16 அடி நீளம், 10 அடி அகலம், 4 அங்குல கனம் உள்ள தளத்தை வைத்துக்கொள்வோம். நாலைந்து பேர் உட்கார, ஒரு மேசை போட இது தாராளம். கொல்லை முழுவதையும் காங்கிரீட்டால் மூட வேண்டாம். மழைத்தண்ணீர் இறங்க மண் மிச்சம் இருக்கட்டும். மூடிய தரையில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துதான் இறங்கும். அந்த இடம் பெரும்பாலும் உங்களுக்குக் கீழே இருக்கும் வீடு.

எந்த மாதத்தில் தொடங்குவது

நீலகிரி ஒரே மாவட்டம் என்றாலும் மழை இரண்டு விதம். கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கம் எல்லாம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது இந்தப் பருவத்தில்தான். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். 2009 நவம்பரில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்ததும் அப்போதுதான். கொடைக்கானலுக்கும் பழனி மலைக்கும் பெருமழை என்றால் அக்டோபர், நவம்பர்.

மழை விட்டதும் தொடங்கிவிடலாம் என்றால் உறைபனி வந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் விடியற்காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். புதிய காங்கிரீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். இன்னும் இறுகாத காங்கிரீட் அதைத் தாங்காது. மேல்பரப்பு சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். ஐந்து டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் என்று தெரிந்தால் காங்கிரீட் போடாமல் இருப்பதே நல்லது.

ஆக, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். ஒரு சிக்கல் உண்டு: அந்த மாதங்களில்தான் பல ஊர்களில் குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு. தளத்துக்குத் தண்ணீர் காட்ட, அதாவது போட்ட தளத்தைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருக்க, பத்து நாளைக்கு மேல் வேண்டும் என்பதால், தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஏப்ரலில் கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இறங்கும். காலையில் கொட்டி மதியத்துக்குள் முடிப்பது போலத் திட்டமிட வேண்டும்.

வேலைக்கு முன் இடத்தைப் படிப்பது

மலை வீட்டின் பின்புறம் இரண்டு வகை. ஒன்று, வீட்டுக்குப் பின்னால் மேடு: சரிவை வெட்டி வீடு கட்டியிருப்பார்கள், வெட்டிய மண் சுவர் போல நிற்கும். இன்னொன்று, பின்னால் பள்ளம்: வெட்டிய மண்ணைத் தள்ளி நிரவி, ஓரத்தில் கல்லடுக்கு வைத்திருப்பார்கள். உங்களுடையது எது என்பதைப் பொறுத்து வேலையே மாறும்.

பின்னால் பள்ளம் என்றால் பாதித் தரை வெட்டிய கெட்டி மண்ணாகவும், பாதி கொட்டிய மண்ணாகவும் இருக்கும். இரண்டின் மேலும் ஒரே தளத்தைப் போட்டால், கொட்டிய பக்கம் மெதுவாக இறங்கி, இரண்டும் சேரும் கோட்டில் தளம் பிளக்கும். எது எந்த மண் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எதிரெதிர் மூலைகளில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். கொட்டிய மண்ணில் செங்கல் துண்டு, வேர், பிளாஸ்டிக், கறுப்பும் சிவப்புமாகக் கலந்த கட்டிகள் கிடக்கும். கடப்பாறையை இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டால் சரசரவென்று இறங்கும். இயற்கை மண் ஒரே நிறமாக இருக்கும், கடப்பாறை டங்கென்று நிற்கும். கொட்டிய மண் இரண்டடிக்கு மேல் போகிறது என்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கெட்டி மண் உள்ள அளவுக்கே தளத்தைச் சுருக்குங்கள். 16 அடிக்குப் பதில் 12 அடி கிடைத்தாலும் அது நிலைக்கும்.

ஓரத்துத் தடுப்புச் சுவரையும் பாருங்கள். வயிறு தள்ளியிருக்கிறதா, நீர் வெளியேற வைத்த துளைகளில் மண் அடைத்திருக்கிறதா, சுவருக்கு உள்பக்கம் தரையில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா, ஓரத்து மரங்கள் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் தளத்தை மறந்துவிட்டு முதலில் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். சுவர் நன்றாகவே இருந்தாலும் அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது உள்ளே தள்ளித் தளத்தை முடிப்பது நல்லது.

பின்னால் மேடு என்றால் கவலை வேறு. நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மண் சுவரின் அடியில் எங்கே கசிகிறது, தரையில் எங்கே ஊற்று போல ஈரம் பொங்குகிறது என்று குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். இந்த ஒரு நாள் பார்வையை நான் எந்தப் பொறியாளர் வரைபடத்தையும்விட உயர்வாக மதிக்கிறேன். இன்னொன்றைச் செய்யவே கூடாது: இடம் போதவில்லை என்று மேட்டின் அடியைக் கொஞ்சம் கொத்தி எடுப்பது. அடியை எடுத்தால் மேலே உள்ளது எல்லாம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். மலையில் வீட்டுக்குப் பின்னால் மண் இறங்குவதற்கு இது ஒரு பழகிய காரணம்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். தரையை நிரவித் தளம் போடுவது சின்ன வேலைதான். ஆனால் சரிவை வெட்டுவதும், பொக்லைன் வைத்து மண் எடுப்பதும் நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் கூடாது. மரம் இடைஞ்சலாக இருந்தால் அதை வெட்டவும் அனுமதி வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நகராட்சியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாட்டமும் வடிகாலும்

தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். சமவெளியில் இதைவிடக் குறைவாகக் கொடுப்பார்கள். மலை மழைக்கும் பாசிக்கும் அது போதாது.

பின்னால் பள்ளம் இருக்கும் வீட்டில் வேலை நேரானது. வீட்டிலிருந்து வெளியே பார்த்து 10 அடிக்கு இரண்டரை அங்குலம் இறக்கம். ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே சரிவில் விடாதீர்கள். வெளி ஓரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் வைத்து, அதைப் பக்கவாட்டில் இருக்கும் வடிகாலில் சேருங்கள். ஒரே இடத்தில் விழும் தண்ணீர் ஒரு மழைக்காலத்தில் சரிவை அரித்துக் கல்லடுக்கின் அடியைக் காட்டிவிடும்.

பின்னால் மேடு இருக்கும் வீட்டில் யோசித்துச் செய்ய வேண்டும். வீட்டைப் பார்த்து வாட்டம் கொடுத்தால் சுவர் ஓதம் குடிக்கும். மேட்டைப் பார்த்துக் கொடுத்தால் மண் சுவரின் அடி ஊறும். அதனால் நீளவாக்கில், வீட்டுச் சுவருக்கு இணையாக வாட்டம் கொடுங்கள். 16 அடிக்கு 4 அங்குலம் இறங்கும். கேட்க அதிகமாகத் தெரிந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியாது. இறங்கும் முனையில் குறுக்கே ஒரு வாய்க்கால் வைக்க வேண்டும். இதோடு, மேட்டுக்கும் தளத்துக்கும் நடுவே முக்கால் அடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் அடியும் பக்கமும் பூசிய வடிகால் கட்டாயம். மேலிருந்து ஓடி வரும் தண்ணீர் தளத்தைத் தொடவே கூடாது. அதற்கு முன்பே அதைப் பிடித்துத் திருப்பிவிட வேண்டும்.

குச்சி நட்ட இடங்களில் ஊற்று இருக்கிறது என்றால் மேல் வடிகால் போதாது. அந்த வரிசையில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கால்வாய் வெட்டி, துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாயைச் சரிவாகப் பதித்து, சுற்றிலும் முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, ஜல்லியைச் சுற்றி ஜியோடெக்ஸ்டைல் துணி போடுங்கள். துணி இல்லாவிட்டால் செம்மண் கரைந்து ஜல்லி இடுக்கை அடைத்துவிடும். குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். பக்கத்து வீட்டுப் படிக்கட்டுக்கு நேராகத் திறந்துவிட்டு வருடம் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சரக்குக் கணக்கு

கலவை 1 : 1½ : 3. ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு முக்கால் ஜல்லி. எம்20 என்று சொல்வது இதைத்தான். நம் 16-க்கு 10 தளத்துக்குக் காங்கிரீட் மட்டும் சுமார் 53 கன அடி. சேதாரம் சேர்த்து 13 மூட்டை சிமெண்ட், 24 கன அடி எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 47 கன அடி ஜல்லி வேண்டும். அடியில் பரப்ப, ஜல்லியும் கிரஷர் துகளும் கலந்த கலவை 70 கன அடி. கம்பி 8 எம்.எம்., 40 அடி நீளத்தில் 10 கம்பி. கூடவே கட்டுக்கம்பி, கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் 2 அங்குலக் கவர் பிளாக், 4 அங்குலப் பலகை, அரை அங்குலத் தெர்மாகோல்.

பள்ள ஓரத்தில் தளத்தின் விளிம்பை ஒரு அடி அகலத்துக்கு 9 அங்குலம் வரை தடிப்பாக இறக்கினால் அடியில் மண் அரிக்காது. அதற்கு இரண்டு மூட்டையும் அதற்கேற்ற மணல் ஜல்லியும் சேர்த்து வாங்குங்கள்.

மணலும் ஜல்லியும் கீழேயிருந்து மலை ஏறி வருகிறது. லாரி நிற்கும் இடத்திலிருந்து உங்கள் கொல்லை வரை படிக்கட்டு என்றால், மேலே சொன்னதெல்லாம் ஏழு டன்னை நெருங்கும் தலைச்சுமை. பலர் சரக்கு விலையைப் பேசிவிட்டுச் சுமைக்கூலியை மறந்து, வேலை நடுவில் திண்டாடுகிறார்கள். காங்கிரீட் போடும் நாளில் சுமையும் வைத்துக்கொள்ள வேண்டாம். முந்தின நாளே எல்லாம் கொல்லைக்கு வந்துவிட வேண்டும். மணலைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சிமெண்டைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். மலைக் காற்றின் ஈரத்தில் மூட்டை சீக்கிரம் கட்டி தட்டும். கையால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டை வேண்டாம்.

மண் எடுப்பதும் படுகை போடுவதும்

நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டுங்கள். மூலைக்கு மூலை குறுக்கே அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும், அப்போதுதான் மூலைகள் செங்கோணமாக இருக்கும். தளத்தின் மேல்மட்டம் வீட்டு வாசற்படிக்கு அரை அடி கீழே இருக்கட்டும். சாரல் அடித்துத் தெறித்தாலும் வீட்டுக்குள் வராது.

மேல் மண்ணை எட்டு அங்குலம் எடுக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மேலே இலைமட்கு நிறைந்த கறுப்பு மண் ஒரு அடிவரைகூட இருக்கும். அது முழுவதும் போயாக வேண்டும், கேரட்டுக்கும் உருளைக்கும் அருமையான மண் அது, தளத்துக்கு ஆகாது. எடுத்த மண்ணைப் பள்ள ஓரத்தில் குவிக்காதீர்கள். அந்தப் பாரம் கல்லடுக்கைத் தள்ளும், முதல் மழையில் கரைந்து கீழே உள்ளவர் வாசலில் போய் நிற்கும். தோட்டப் பாத்திகளில் பரப்பிவிடுங்கள்.

குழியின் அடியை லேசாகத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். அப்புறம் ஜல்லிக் கலவையை இரண்டு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்குங்கள். இறுக்கிய பிறகு 4 அங்குலம் நிற்க வேண்டும். வாடகைக்குத் தட்டு இறுக்கி இயந்திரம் கிடைத்தால் வேலை சுத்தமாக இருக்கும். படிக்கட்டில் அதை இறக்க முடியாத இடத்தில் கைத்திமிசே போதும், பொறுமைதான் வேண்டும். குதிகாலை அழுத்திச் சுழற்றினால் தடம் பதியக் கூடாது. அதுவரை நிறுத்தாதீர்கள். வாட்டத்தை இந்தப் படுகையிலேயே கொண்டு வந்துவிட வேண்டும். மேலே காங்கிரீட்டில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டால் ஒரு பக்கம் மூன்று அங்குலமும் மறுபக்கம் ஐந்து அங்குலமுமாகத் தளம் நிற்கும். மெல்லிய பக்கம் வெடிக்கும்.

பலகை, கம்பி, இணைப்பு

பலகைகளை ஓரத்தில் நிறுத்தி, இரண்டடிக்கு ஒரு முளை அடித்துக் கட்டுங்கள். வாட்டத்தைத் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தால் பாருங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும். இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி அரை அங்குலத் தெர்மாகோலை நீளமாக ஒட்ட வேண்டும். தளம் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளக் கூடாது. வீடு ஒரு விதமாகவும் தளம் ஒரு விதமாகவும் அசையும்.

இந்தத் தளத்தை ஒரே துண்டாகப் போடாமல் 8-க்கு 10 என்று இரண்டு துண்டாகப் போடச் சொல்வேன். காங்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். நாம் கோடு போட்டுக் கொடுக்காவிட்டால் அதுவே கோணல்மாணலாக ஒரு கோடு போட்டுக்கொள்ளும். 4 அங்குலத் தளத்தில் இணைப்புகளுக்கு நடுவே 8 முதல் 10 அடிக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு துண்டு என்றால் ஒரு நாளைக்கு ஆறரை மூட்டை வேலைதான். நாலைந்து ஆட்கள் மதியத்துக்குள் முடித்துவிடலாம். மேகம் கூடினாலும் பாதியில் நிற்காது.

நடுவில் நிற்கும் பலகையில் ஒரு அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, 12 எம்.எம். முறுக்கில்லாத வழவழப்பான கம்பியை ஒன்றரை அடித் துண்டுகளாக நுழையுங்கள். பாதி இந்தத் துண்டுக்குள், பாதி அடுத்த துண்டுக்குள். அடுத்த பக்கம் போகும் பாதியில் கிரீஸ் தடவிவிடுங்கள். இரண்டு துண்டும் சுருங்கி விரிய இடம் கிடைக்கும், ஆனால் ஒன்று மட்டும் இறங்கிக் கால் இடறாது.

8 எம்.எம். கம்பியை ஒரு அடி இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பின்னல். விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே முடியட்டும். பின்னல் தளத்தின் நடு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், அதற்குத்தான் 2 அங்குலக் கவர் பிளாக். கம்பியைத் தரையில் போட்டுவிட்டு, கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்று சொல்வார்கள். தூக்குவார்கள், அடுத்த நிமிடம் அதன் மேலேயே நடந்து மறுபடி அமுக்கிவிடுவார்கள். படுகையில் கிடக்கும் கம்பியால் தளத்துக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. இரண்டடிக்கு ஒரு பிளாக் வைத்து, நடப்பதற்குப் பலகை போடுங்கள்.

கொட்டும் நாள்

அதிகாலையில் தொடங்க வேண்டாம். பனி விலகி வெயில் தரையில் விழுந்த பிறகு, எட்டரை ஒன்பதுக்குத் தொடங்கினால் சரி. படுகையைத் தண்ணீர் தேங்காமல் நனையுங்கள். தார்ப்பாயும் அதைத் தூக்கி நிறுத்த நாலு மூங்கிலும் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அளவுக்கு 35 லிட்டர் பெட்டி செய்துகொள்ளுங்கள். உள்ளளவு 40, 35, 25 சென்டிமீட்டர். ஒரு மூட்டை சிமெண்ட் இதில் சரியாக அடங்கும். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கு வேண்டாம், ஒருவர் குவித்துப் போடுவார், ஒருவர் தட்டிப் போடுவார்.

தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர். இந்தத் தரத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சமே 30 லிட்டர்தான். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது நடக்கும்:

“இன்னும் ஒரு குடம் ஊத்திக்கலாமுங்க, வேலை வேகமா ஓடும்.”

“வேண்டாமுங்க மேஸ்திரி, அரை மணி நேரம் கூட ஆனாலும் பரவாயில்லை. கெட்டியாவே போடலாம்.”

இந்த இடத்தில் வீட்டுக்காரர் இளகக் கூடாது. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போய், அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். அந்தத் துளைகளில்தான் மலையின் ஈரமும் பாசியும் உறைபனியும் குடியேறும். கலவை இட்லி மாவு போல நிற்க வேண்டும். மண்வெட்டியில் அள்ளினால் மெதுவாகச் சரிய வேண்டும், வழிந்து ஓடக் கூடாது.

தூர மூலையிலிருந்து கொட்டிக்கொண்டே வாருங்கள். கலந்த அரை மணி நேரத்துக்குள் கலவை தளத்தில் இறங்கிவிட வேண்டும். பலகை ஓரங்களிலும் தடித்த விளிம்பிலும் கம்பியால் நன்றாகக் குத்திவிடுங்கள், அங்கேதான் சாந்து நிரம்பாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழும். இரண்டு பக்கப் பலகை மேலும் அலுமினிய மட்டப்பலகையை வைத்து, மரம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுத்தபடி மட்டம் பண்ணுங்கள். உடனே மேல்பரப்பை நிரவும் மணியாசுக் கட்டையால் ஒரு தடவை ஓட்டிவிட்டு, நிறுத்துங்கள்.

நிறுத்துவதுதான் இங்கே கடினம். மேலே தண்ணீர் கசிந்து பளபளவென்று நிற்கும். அது தானாக மறையும்வரை கரணை படக் கூடாது. கோயம்புத்தூரில் ஒரு மணி நேரத்தில் மறைவது, ஊட்டி மூடுபனியில் நாலைந்து மணி நேரம் ஆகலாம். ஆட்களுக்கு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரம். அப்போது செய்வதுதான் சிமெண்ட் பொடி தூவித் தண்ணீரை உறிஞ்சவைத்து, நைஸாக இழுப்பது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். மேலே மட்டும் ஒரு மெல்லிய தோல், அதற்குக் கீழே பலவீனமான சாந்து. இரண்டு பனிக்காலத்தில் அந்தத் தோல் அப்பளமாக உரிந்து வரும். கடைசி வேலைக்கு ஒரு கொத்தனாரை மட்டும் நிறுத்திக்கொண்டு, அவருக்குக் கூடுதல் கூலி பேசிவிடுங்கள். அந்தக் காசு வீண் போகாது.

பளபளப்பு மறைந்து, செருப்புக் காலால் மிதித்தால் கால் அங்குலத் தடம் மட்டும் விழும் பதத்தில் இரண்டாம் தடவை மணியாசு ஓட்டுங்கள். அதன்பின் சீமாற்றை வாட்டத்தின் திசையிலேயே, ஒரே சீராக இழுத்துவிடுங்கள். மெல்லிய கோடுகள் விழும், தண்ணீர் அந்தக் கோட்டோடு ஓடும், கால் வழுக்காது. நைஸ் தரை மலைக்கு ஆகவே ஆகாது. ஜூலை மாதப் பாசியில் வயதானவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது அப்படிப்பட்ட தரையில்தான்.

நடுவில் மழை வந்தால் தார்ப்பாயை மூங்கில் மேல் கூடாரமாகப் பிடியுங்கள், காங்கிரீட் மேல் நேராகப் போடாதீர்கள். சாரலில் நனைந்தால் தண்ணீர் வழியவிட்டு மறுபடி மணியாசு ஓட்டலாம். ஜல்லி தெரியும் அளவுக்குச் சாந்து கரைந்துவிட்டால் அந்தப் பகுதியை அள்ளிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கொட்டுவதுதான் வழி.

இரவுக்குள் இன்னொரு வேலை: சுற்றிலும் மூங்கில் கட்டி அடைத்துவிடுங்கள். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எல்லாப் பக்கமும் காட்டெருமை வீட்டுக் கொல்லை வழியாகத்தான் நடக்கிறது. வளர்ந்த கடா ஒரு டன் எடைகூட இருக்கும். ஈரக் காங்கிரீட்டில் அது ஒரு நடை நடந்தால் தளத்தைத் திரும்பத்தான் போட வேண்டும். வழக்கமாக அது வரும் தடத்தை முழுதாக மறிக்காமல், ஒதுங்கிப் போக ஒரு பக்கம் வழி விடுங்கள்.

இரண்டாவது துண்டை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ போடலாம். நடுப் பலகையை மெதுவாகக் கழற்றி, தெரியும் பக்கத்தில் தார் அடித்துவிட்டு அதை ஒட்டியே கொட்டுங்கள்.

தண்ணீர் காட்டுவது

மலை குளிர்ச்சியாக இருக்கிறது, வெயில் இல்லை, தண்ணீர் காட்ட வேண்டியதில்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. மார்ச் மாதத்து ஊட்டிக் காற்றை நினைத்துப் பாருங்கள், உதடே வெடிக்கும். 2,200 மீட்டர் உயரத்தில் வெயிலின் உக்கிரமும் குறைவில்லை. அந்தக் காற்று மேல்பரப்பின் ஈரத்தைச் சீக்கிரமே உறிஞ்சி, முடி மாதிரி வெடிப்புகளை உண்டாக்கும்.

மறுநாள் காலையிலேயே நனைந்த சாக்கைப் பரப்பி, காயவிடாமல் வைத்திருங்கள். வாட்டமுள்ள தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது சரிவராது. சாக்குதான் நல்லது, தண்ணீரும் குறைவாகச் செலவாகும். கடையில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட், அதற்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் வேண்டும். குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும் என்பதால் 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இரவு பனி இறங்கும் போலிருந்தால் சாக்கின் மேல் உலர்ந்த வைக்கோலும் அதன் மேல் தார்ப்பாயும் போட்டு மூடி, காலையில் வெயில் வந்ததும் எடுங்கள்.

ஓரப் பலகைகளை மூன்றாம் நாள் எடுக்கலாம். நடமாட்டம் அதற்கு அப்புறம். நாற்காலி மேசை இரண்டு வாரம் கழித்து. மண் நிரப்பிய பெரிய தொட்டிகள், தண்ணீர் டேங்க் போன்ற பாரங்களை 28 நாள் ஆகும்வரை ஏற்றாதீர்கள்.

எல்லாம் காய்ந்தபின் நடு இணைப்பின் மேல் இடுக்கையும், சுவரோரத் தெர்மாகோலை ஒரு அங்குலம் சுரண்டி எடுத்த இடத்தையும் பாலியூரித்தேன் சீலன்ட் அடித்து மூடுங்கள். தளத்தைச் சுற்றிப் பலகை இருந்த பள்ளத்தில் மண் போட்டு மிதித்து, புல் பதித்துவிடுங்கள். பிறகு வருடத்துக்கு இரண்டு வேலைதான்: உங்கள் பக்கத்துப் பருவமழைக்கு முன்னால், கூடலூர் என்றால் மே மாதம், கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் செப்டம்பரில், மேட்டு வடிகாலிலும் குழாய் வாயிலும் உள்ள இலை, மண் எல்லாம் வாரிவிடுவது. மழைக்கு நடுவில் ஒரு வெயில் நாள் பார்த்து, கெட்டித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துக் கழுவிவிடுவது.